யிங் ருவோசெங்: ஜெயில்ல கெடந்தவரே ஜெயில் அதிகாரியா நடிச்சாரு. இவரப் பத்தி பேசலாம் வாங்க

திரைவாசி:

சீனாவோட கடைசி மகாராஜா பூயி கதையச் சொல்ற தி லாஸ்ட் எம்பெரர் படத்தப் பத்தி பேச்சு எடுத்தாலே ஜான் லோன் நடிப்பு, பெர்த்தலூச்சி டைரக்‌ஷன், ஸ்டொராரோ கேமரா, ஒம்பது ஆஸ்கார், பெய்ஜிங் அரண்மனைக்குள்ளயே போய் எடுத்தாங்கன்னு இதையேதான் சுத்திச் சுத்தி பேசறோம். அதுல ஃபுஷுன் ஜெயில்ல பூயி எழுதிக் குடுக்கற வாக்குமூலத்தப் படிச்சுட்டு, இது பொய், திரும்ப எழுதுன்னு பொறுமையா சொல்ற அதிகாரி ஒருத்தர் வருவாரே, ஞாபகம் இருக்கா? ஷூ கயிறு கூட கட்டத் தெரியாத ஒரு முன்னாள் மகாராஜாவ மனுஷனாக்குற வேல அவரோடது. படத்தோட முதுகெலும்பே அவருதான்னு நான் சொல்லுவேன். ஆனா அவரப் பத்தி தமிழ்ல யாரும் விரிவா எழுதி என் கண்ணுல படல.

அவரு பேரு யிங் ருவோசெங். 1929 ஜூன்ல பெய்ஜிங்ல பொறந்தவரு, 2003 டிசம்பர்ல அதே ஊர்ல தவறினாரு. நடிகர், டைரக்டர், மொழிபெயர்ப்பாளர், கொஞ்ச காலம் கலாச்சாரத் துறையோட துணை அமைச்சர் கூட. இதுல என்னைய உலுக்குன விஷயம் என்னன்னா, 1968ல, மாவோ காலத்துல படிச்சவங்களையும் கலைஞருங்களையும் வேட்டையாடின கலாச்சாரப் புரட்சி சமயத்துல இவரையும் இவரு மனைவி வூ ஷிலியாங்கையும் புடிச்சு உள்ள போட்டு மூணு வருஷம் வெச்சிருந்தாங்க. அப்படிப்பட்ட மனுஷன் பதினஞ்சு வருஷம் கழிச்சு ஜெயில் அதிகாரி சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கறாரு. கடைசியில 1967 ஊர்வலக் காட்சில அதே அதிகாரிக்கு காகிதத் தொப்பி மாட்டி செங்காவலருங்கற மாவோவோட மாணவர் படை பசங்க இழுத்துட்டுப் போறப்ப, பூயி ஓடிப்போய் இவரு நல்ல வாத்தியாருன்னு கெஞ்சுவாரு. அந்த எடத்துல யிங் நடிச்சாரா இல்ல நெஜத்துல பட்டத திரும்பப் பட்டாரான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கவே முடியல. இவரோட ஆகச் சிறந்த வேல இதுதான்னு நெனைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?

மேடைப்புறா:

திரைவாசி சார், இப்படி ஒரு இழை ஆரம்பிச்சதுக்கே ஒங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா கடைசி வரியோட நான் கொஞ்சம் சண்டை போடத்தான் போறேன்.

யிங் ருவோசெங்க சினிமா வழியா அளந்தா பாதி மனுஷன்தான் தெரிவாரு. அவரு 1950ல பெய்ஜிங் மக்கள் கலை நாடகக் குழுவுல சேந்தாரு, சாகுற வரைக்கும் அந்தக் குழுவோட ஆளுதான். அந்தக் குழு எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சாதான் இவரு நடிப்பு புரியும். தலைவரு சாவ் யூ, சீன நவீன நாடகத்துல பெரிய எழுத்தாளர். முக்கிய டைரக்டர் ஜியாவ் ஜூயின். இவரு வசனத்தக் குடுத்து நடிக்கச் சொல்ற ஆளு கெடையாது, நடிகர்கள மாசக்கணக்குல ஊருக்குள்ள அனுப்புவாரு, நீ நடிக்கப் போற மாதிரி ஆளு எங்க இருக்கானோ அங்க போய் ஒக்காரு, அவன் எப்படி கும்பிடறான் எப்படி டீ குடிக்கறான்னு பாரு, பாத்தத எழுது, அந்த ஆளு ஒன் மனசுக்குள்ள உருவமா நின்ன பெறகு மேடைக்கு வான்னு சொல்றவரு.

அந்தப் பட்டறையில வார்த்த ஆளு யிங். 1958ல லாவ் ஷெ எழுதின தேநீர் விடுதி நாடகம் மேடையேறுச்சு. யூ ஷிஜிக்கு கடை மொதலாளி வேஷம், அதுதான் நாயகன் பாத்திரம்னு வெச்சுக்கலாம். யிங்குக்கு கெடச்சது அம்மத்தழும்பு லியூ, மொத்தத்துல அரைமணி நேரம் கூட பேசாத பாத்திரம், பொண்ணுங்கள வாங்கி விக்கற புரோக்கர். அப்ப யிங்குக்கு வயசு 28. அந்த வேஷத்த அவரு 1992 வரைக்கும் விடல. 34 வருஷம். பூயி பட ஜெயில் அதிகாரிய விட இந்த புரோக்கர்தான் அவரோட உச்சம்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

பெரியகுளத்தான்:

மேடம் நாடகம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் கத சொல்லுங்களேன். புரோக்கர் வேஷத்துல அப்படி என்ன இருக்கு? வில்லன்தானே?

மேடைப்புறா:

சொல்றேன் அண்ணே. பெய்ஜிங்ல ஒரே ஒரு டீ விடுதி. மூணு அங்கம், மூணு காலம். மொதல் அங்கம் 1898, சிங் அரச வம்சம் ஆடிக்கிட்டிருக்கற நேரம், சீர்திருத்தம் கேட்ட ஆளுங்கள வெட்டிப்போட்ட வருஷம். ரெண்டாவது, மன்னராட்சி போய் ராணுவ தளபதிங்க ஆளுக்கொரு பக்கம் அடிச்சுக்கற காலம். மூணாவது, ஜப்பான்காரன் போன பெறகு. மூணுலயும் அதே கடை, அதே மொதலாளி, ஒவ்வொரு அங்கத்துலயும் இன்னும் கொஞ்சம் தேஞ்சு போயிருப்பாரு. அம்பது வருஷ சரித்திரத்த ஒரு அரங்கத்துக்குள்ள அடைச்சுட்டாரு லாவ் ஷெ. அறுபதுக்கும் மேல பாத்திரங்க, பெரிய கத ஓட்டம்னு தனியா ஒண்ணு கெடையாது, வர்றான் போறான் அவ்ளோதான், ஆனா ஒவ்வொருத்தனும் ஒரு முழு மனுஷன்.

மொதல் அங்கத்துல காங் லியூன்னு ஒரு பட்டினி விவசாயி பதினஞ்சு வயசு மகள விக்க வர்றான். அம்மத்தழும்பு லியூ அவனுக்கு சொல்ற வெல பத்து தேல் வெள்ளி, தேல்ங்கறது பழைய சீன எடக் கணக்கு. அப்பன்காரன், பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு வெறும் பத்துதானான்னு அழுவான். வாங்கப்போறது யாரு தெரியுமா? அரண்மனை வேலைக்காக விதையடிக்கப்பட்ட வயசான அதிகாரி ஒருத்தன், அவனுக்கு பொண்டாட்டியா ஒரு பொண்ணு வேணுமாம். இத ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டு அதே வாயால பக்கத்து மேசையில ஒரு சின்ன வெளிநாட்டுக் கடிகாரத்த வித்துக்கிட்டிருப்பான் லியூ. பொண்ணு, கடிகாரம், ரெண்டும் அவனுக்கு சரக்கு. இத கண்ண உருட்டி மீசைய முறுக்கி நடிச்சா சாதா வில்லன் ஆயிடும். யிங் பண்ணது வேற, அவன் யாருக்கோ பெரிய ஒதவி பண்றதா மனசார நம்பறான். நான் இல்லன்னா இந்தப் பொண்ணு பட்டினியில செத்திருக்கும்ங்கற தெளிவோட பேசுவான். பாக்கறவங்களுக்கு வயிறு எரியுறது அங்கதான்.

ரெண்டாவது அங்கத்துல அவனப் புடிச்சுட்டுப் போய் தல வெட்டிடறாங்க, அவன் செஞ்ச பாவத்துக்காக இல்ல, ராணுவத்த விட்டு ஓடின ஆளுன்னு தப்பா கணக்கு வெச்சு. மூணாவது அங்கத்துல அவன் மகன் வர்றான், குட்டி லியூ, அப்பன் தொழிலையே கம்பெனி மாதிரி நவீனமா நடத்தணும்னு திட்டத்தோட. அந்த மகனையும் யிங்தான் நடிச்சாரு. ஒரே ஆளு ரெண்டு தலமொற அயோக்கியத்தனம்.

சீனச்சாளரம்:

மேடைப்புறா அருமையா சொல்லிட்டாங்க. நான் குடும்பப் பின்னணிய சேத்துடறேன், ஏன்னா இது தெரியாம இவரப் புரிஞ்சுக்க முடியாது.

யிங் குடும்பம் மஞ்சு இனம். அதாவது பூயியோட இனம். தாத்தா யிங் லியான்ஜி கத்தோலிக்கரா மாறினவரு, 1902ல தியான்ஜின்ல தா குங் பாவ் பத்திரிகைய ஆரம்பிச்சாரு, சீனாவுல ரொம்ப முக்கியமான பத்திரிகை அது. 1925ல பெய்ஜிங்ல ஃபூ ஜென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் உருவானதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் இயங்கின எடம் யாரோடதுன்னு பாருங்க, பூயியோட சித்தப்பா ஜாய்டாவோட மாளிகை. அப்பா யிங் சியான்லி சின்ன வயசுலயே ஐரோப்பாவுக்குப் போய் படிச்சவரு, ஃபூ ஜென்ல பேராசிரியர், ஜப்பான் ஆக்கிரமிப்பு காலத்துல ஜெயிலுக்குப் போனவரு.

1949 வருது. கம்யூனிஸ்ட் படை பெய்ஜிங்குக்குள்ள வர்ற நேரத்துல அதுவரைக்கும் ஆண்ட கோமிண்டாங் கட்சி அரசு முக்கியமான பேராசிரியர்கள விமானத்துல ஏத்திக்கிட்டுப் போகுது, அப்பா அதுல போயிட்டாரு, தைவான்ல எறங்கினாரு. குடும்பம் இந்தப் பக்கம். அதுக்கப்புறம் அப்பாவும் புள்ளயும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. அப்பா தைபேல 1969ல எறந்தாரு. அந்த வருஷம் மகன் எங்க இருந்தாருன்னு மேல திரைவாசி சொல்லிட்டாரு, ஜெயில்ல.

இவருக்கு ஆங்கிலம் தண்ணியா ஓடினதுக்குக் காரணமும் குடும்பம்தான், தியான்ஜின்ல பாதிரிமார் நடத்தின பள்ளிக்கூடம், பெறகு சிங்குவா பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு இலக்கியம். அங்கதான் வூ ஷிலியாங்க சந்திச்சாரு, ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சு ஒண்ணா நாடகக் குழுவுக்கு வந்தாங்க. பல்கலைக்கழகப் பட்டத்த வெச்சுக்கிட்டு தூதரகம், வெளியுறவுத் துறைன்னு போயிருக்கலாம், மாசச் சம்பளத்துக்கு மேடை நடிகனா வந்தாரு. அப்ப இருந்த நம்பிக்கை அப்படி.

திரைவாசி:

அப்பா எறந்தப்ப மகன் ஜெயில்லங்கறது எனக்குத் தெரியாது. கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு சார்.

மஞ்சு இனத்துக்காரர் மஞ்சு மகாராஜாவ திருத்துற அதிகாரியா நடிக்கறாரு, அப்ப இது என் வாதத்துக்குத்தான் இன்னும் பலம் சேக்குது மேடைப்புறா மேடம்! தாத்தா பாட்டி காலத்து உலகம் மொத்தத்தையும் எதிர்ல ஒக்கார வெச்சு விசாரிக்கற மாதிரி இல்லயா அது?

மேடைப்புறா:

பலம் சேக்குதுதான், மறுக்கல. ஆனா சார் நீங்க வாழ்க்கைய நடிப்பு மேல போத்திப் பாக்கறீங்க. நடிகனுக்கு நாம செய்யற பெரிய அநியாயம் அதுதான்னு எனக்குத் தோணும். ஜெயில்ல இருந்தாரு அதனால ஜெயில் காட்சி நல்லா வந்துச்சுன்னா, அதே ஜெயில்ல இருந்த ஆயிரக்கணக்கான பேரும் நல்ல நடிகருங்களா? அந்தக் காட்சி நிக்கறதுக்குக் காரணம் முப்பது வருஷ மேடைப் பயிற்சி. குரல ஒசத்தாம ஒரு அறைய கட்டுப்படுத்தத் தெரிஞ்சது, எதிராளி பேசுறப்ப காது குடுக்கத் தெரிஞ்சது. ஜான் லோன் அந்தக் காட்சிங்கள்ல எவ்வளவு நல்லா இருக்காரோ அதுல பாதி, யிங் அவரு சொல்றத கேக்குற விதத்துனால வந்தது.

வடமராட்சியான்:

இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வாறன், நல்லாப் போகுது. எனக்கொரு கேள்வி. சிறையில அவர் என்ன செய்தவர் எண்டு எங்கயாவது பதிவு இருக்கோ? சிறைக்குப் போய் வந்த கலைஞர் கன பேர் பிறகு கதைக்கிறதையே விட்டிட்டினம். இவர் எப்பிடி திரும்பி வந்து மேடையில நிண்டவர்?

சீனச்சாளரம்:

நல்ல கேள்வி அண்ணா. அவரே சொல்லியிருக்காரு. கடைசி காலத்துல ஆஸ்பத்திரி படுக்கையில இருந்துகிட்டு கிளேர் கொன்சைசன்ங்கற அமெரிக்க நாடக ஆய்வாளர்கிட்ட தன் வாழ்க்கையச் சொன்னாரு, அது 2009ல வாய்சஸ் கேரிங்கற பேர்ல புத்தகமா வந்துச்சு. பொறப்புலேந்து ஆரம்பிக்காம ஜெயில்லேந்துதான் ஆரம்பிக்கும்.

உள்ள போனதும் அவரு எடுத்த முடிவு, இந்த வருஷங்கள வீணாக்கக் கூடாதுங்கறது. கூட இருந்த கைதிங்க பலதரப்பட்ட ஆளுங்க, விவசாயி, கைத்தொழில்காரன், திருடன்னு. ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒன் தொழில் எப்படிப்பா, மொதல்ல என்ன பண்ணுவ, அப்புறம் என்ன பண்ணுவன்னு கேட்டுக் கேட்டு மனசுல ஏத்தி, கெடச்ச காகிதத்துல குறிச்சும் வெச்சிருக்காரு. ஜியாவ் ஜூயின் நடிகர்கள ஊருக்குள்ள அனுப்பி கத்துக்கிட்டு வரச் சொன்னாரே, யிங் அதத்தான் ஜெயிலுக்குள்ள செஞ்சாருன்னு எனக்குப் படுது.

வீட்டு நெலம கொடும. மனைவியும் உள்ள. மகன் யிங் டாவுக்கு அப்ப எட்டு வயசு கூட முடியல. இந்தப் பையன்தான் பின்னாடி பெரிய டைரக்டரா வந்து 1993லேந்து ஐ லவ் மை ஃபேமிலின்னு சீனாவோட மொதல் சிட்காம 120 எபிசோட் எடுத்தாரு. ஃபேர்வெல் மை கன்குபைன் படத்துல தியேட்டர் மேனேஜரா வர்றதும் அவருதான்.

1971ல ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. ஒடனே மேடை கெடச்சிடல. கொஞ்ச வருஷம் ஒடம்பு உழைப்பு, பெறகு வெளிநாட்டு வாசகருங்களுக்கான பத்திரிகை வேலன்னு போச்சு. கலாச்சாரப் புரட்சி முடிஞ்ச பெறகுதான் குழுவுக்குத் திரும்பினாரு. அதுக்குள்ள லாவ் ஷெ இல்ல, 1966 ஆகஸ்ட்ல செங்காவலருங்க அடிச்சு அவமானப்படுத்தின மறுநாள் ஏரியில பொணமா கெடந்தாரு. ஜியாவ் ஜூயினும் இல்ல, 1975ல போயிட்டாரு. எழுதினவரும் இல்லாம இயக்கினவரும் இல்லாம 1979ல தேநீர் விடுதிய பழைய நடிகருங்களே தூசு தட்டி மேடையேத்தினாங்க.

மேடைப்புறா:

இந்த 1979 மறு மேடையேற்றத்ததான் நான் சொல்ல வந்தேன், சீனச்சாளரம் முந்திக்கிட்டாரு. அடுத்த வருஷமே அந்த நாடகம் மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்துன்னு போச்சு. 1949க்குப் பெறகு ஒரு சீன வசன நாடகம் ஐரோப்பாவுக்குப் போனது அதுதான் மொத தடவ. அதுக்கு முன்ன வெளிநாட்டுக்குப் போனதெல்லாம் பீக்கிங் ஆப்பரா, சர்க்கஸ் வித்த, முகத்துல வர்ணம் பூசின ஆட்டம். பாட்டும் ஆட்டமும் இல்லாம வெறும் பேச்சுல நிக்கற நாடகம் சீனாவுக்கே 1907 வாக்குல ஜப்பான் வழியா வந்த புது வடிவம்தான். அத மேற்குக்கே கொண்டுபோய் காட்டி ஜெயிச்சுட்டு வந்தாங்க. நாடகத்த ஆங்கிலத்துல மொழிபெயர்த்தது யிங்.

எழுத்தாணி:

மொழிபெயர்ப்புன்னு சொன்னதும் உள்ள வந்துட்டேன். நான் மொழிபெயர்ப்பு வேல செய்யறவ, யிங்க எனக்கு மொழிபெயர்ப்பாளராத்தான் மொதல்ல தெரியும். அமெரிக்க நாடக எழுத்தாளர் ஆர்தர் மில்லரோட டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன் நாடகம் 1983ல பெய்ஜிங்ல நடந்துச்சே அதப் பத்தி யாரும் இன்னும் பேசலயா?

1978ல மில்லர் சீனா வந்தப்ப சாவ் யூவையும் யிங்கையும் பாத்தாரு. அதுலேந்து வளந்த யோசனை. மில்லரே வந்து டைரக்ட் பண்றது, யிங் மொழிபெயர்க்கறது, நாயகனா வர்ற சேல்ஸ்மேன் வில்லி லோமனாவும் யிங்கே நடிக்கறது. மனைவியா ஜூ லின், பக்கத்து வீட்டு சார்லியா ஜூ ஷு. மில்லருக்கு சீன மொழி தெரியாது, நடிகருங்கள்ல பல பேருக்கு ஆங்கிலம் தெரியாது, ஒத்திகை முழுக்க யிங்தான் நடுவுல நின்னு ரெண்டு பக்கத்துக்கும் பேசணும், பேசி முடிச்ச அடுத்த நிமிஷம் வில்லியா மாறி அழணும். இத யோசிச்சுப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது.

அவரோட மொழிபெயர்ப்புக் கொள்கை ரொம்ப நேரானது. மேடையில சொல்ற வசனத்த பாக்கறவன் ஒரு தடவதான் கேப்பான், புத்தகம் மாதிரி பின்னாடி புரட்டிப் பாக்க முடியாது, அதனால காதுல விழுந்த நொடியிலேயே போய் சேரணும், நடிகனோட மூச்சுக்குள்ள அடங்கணும். நாடகத்த மொழிபெயர்க்கற பேராசிரியருங்க நடிச்சுப் பாக்கறதில்லங்கறது அவரு கோவம். இவரு பேசிப் பேசித்தான் எழுதினாரு. ஷேக்ஸ்பியரோட மெஷர் ஃபார் மெஷர், பெர்னார்ட் ஷாவோட மேஜர் பார்பரான்னு இவரு கொண்டுவந்த நாடகங்கள அந்தக் குழு மேடையேத்துச்சு. பார்பராவ 1991ல அவரே டைரக்ட் பண்ணாரு.

பெரியகுளத்தான்:

1983 சீனாவுல சேல்ஸ்மேன்னா யாருன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? கடை எல்லாம் அரசாங்கக் கடை, காரு கெடையாது, வீட்டுக்கடன் தவணை கெடையாது, இன்சூரன்ஸ் காசுக்காக சாவறான்ங்கறது எப்படி புரியும்?

எழுத்தாணி:

இதே பயம் எல்லாருக்கும் இருந்துச்சு அண்ணா. இன்சூரன்ஸ் எப்படி வேல செய்யுதுன்னு நடிகருங்களுக்கே வெளக்க வேண்டியிருந்துச்சு. ஆனா யிங்கும் மில்லரும் புடிச்சுக்கிட்ட கயிறு அப்பன் மகன் ஒறவு. தன்னால முடியாதத மகன் செஞ்சு காட்டணும்னு துடிக்கற அப்பன், மகன் ட்ராகனாகணும்னு, அதாவது பெரிய ஆளாகணும்னு ஆசப்படற அப்பன், சீனாவுல வீட்டுக்கு வீடு இருக்கான். அது புரிஞ்சா போதும், தவண பின்னாடி புரிஞ்சுக்குவாங்கன்னு எறங்கினாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம் மில்லர் பண்ணாரு. அங்க வெளிநாட்டுக்காரன் வேஷம்னா பொன்னிற விக்கு, ஒட்டு மூக்கு, வெள்ள மேக்கப்புன்னு ஒரு வழக்கம். மில்லர் ஒண்ணும் வேணாம்னுட்டாரு. நீங்க அமெரிக்கன் மாதிரி நடிச்சா நாடகம் செத்துடும், சீனனாவே இருங்க, அப்பதான் அமெரிக்கன் தெரிவான்ங்கற மாதிரி அவரு நெலப்பாடு. ஒப்பனைக்காரங்க லேசுல விடல, போராடித்தான் ஜெயிச்சாரு. ஒத்திகை நடந்துக்கிட்டு இருக்கறப்ப ஏப்ரல்ல ஹூ நாங்கற டென்னிஸ் வீராங்கனைக்கு அமெரிக்கா அடைக்கலம் குடுத்துச்சுன்னு சீன அரசு கோவப்பட்டு அமெரிக்காவோட கலாச்சாரப் பரிமாற்றத்தையே நிறுத்திட்டாங்க. நாடகமும் போச்சுன்னுதான் நெனச்சிருப்பாங்க. எப்படியோ தப்பிச்சு மே 7ம் தேதி அரங்கேறிச்சு, நல்லா ஓடிச்சு. மில்லர் அந்த அனுபவத்த சேல்ஸ்மேன் இன் பெய்ஜிங்னு புத்தகமாவே எழுதினாரு, நாடகத்துல ஆர்வம் இருக்கறவங்க எப்படியாவது தேடிப் படிங்க, ஒத்திகை நாட்குறிப்பு அது, யிங் பக்கத்துக்குப் பக்கம் வர்றாரு.

மேடைப்புறா:

வில்லி லோமனா அவரு நடிச்சது பெருசுதான், ஒத்துக்கறேன். மூணு வருஷம் குடும்பத்த விட்டுப் பிரிஞ்சிருந்த அப்பன், தன் அப்பன பாக்காமலே போன மகன், ரெண்டும் ஒரே ஒடம்புல. ஐயோ, வாழ்க்கைய நடிப்பு மேல போத்தாதீங்கன்னு சொல்லிட்டு நானே செய்யறேன் பாருங்க, இந்த மனுஷன் விஷயத்துல அது தவிர்க்க முடியாத மாதிரிதான் இருக்கு.

பெரியகுளத்தான்:

எல்லாம் சரிங்க, ஆனா ஒண்ணு உறுத்துது, வெளிப்படையா கேக்கறேன். 1986லேந்து 1990 வரைக்கும் துணை அமைச்சர். நடுவுல 1989 வருது, தியானன்மென் சதுக்கத்துல போராடினவங்கள ராணுவம் சுட்ட வருஷம். தன்ன ஜெயில்ல போட்ட அமைப்போட நாற்காலியிலேயே போய் ஒக்காந்தது எப்படி? கலைஞன் அங்க போகலாமா?

சீனச்சாளரம்:

கேக்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலகட்டத்த கொஞ்சம் பாருங்க. அப்ப கலாச்சார அமைச்சர் வாங் மெங், எழுத்தாளர். அவரையும் அம்பதுகள்ல வலதுசாரின்னு முத்திர குத்தி பெறகு மேற்கு ஓரத்துல இருக்கற சின்ஜியாங்குக்கு அனுப்பிட்டாங்க, அங்க பதினாறு வருஷம் இருந்தாரு. அமைச்சர் எழுத்தாளர், துணை அமைச்சர் நடிகர், ரெண்டு பேரும் அடிபட்டவங்க. கதவு தொறக்குது, நாம உள்ள போனாதான் தொறந்தே இருக்கும்னு நம்பின தலமொற அது. நாற்காலியில இருந்த அதே 1988ல ஹாலிவுட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் பெய்ஜிங் வந்து கெய்ன்ங்கற கப்பல்ல நடந்த கலகம் பத்தின கோர்ட் நாடகத்த அந்தக் குழுவுக்கு டைரக்ட் பண்ணாரு, மொழிபெயர்ப்பு யிங். வேலய விட்டுட்டு நாற்காலிய கட்டிக்கிட்டு அழுத ஆளு இல்ல. 1989 செப்டம்பர்ல வாங் மெங் பதவி போச்சு, அடுத்த வருஷம் யிங்கும் வெளிய.

பெரியகுளத்தான்:

நம்பிக்கையோட போனாருங்கறது சரி, ஏத்துக்கறேன். ஆனாலும் நம்பிப் போனவங்க பேர வெச்சுதான் அரசாங்கங்க தன் முகத்த கழுவிக்குது, அதையும் நாம மறக்கக்கூடாது. கலைஞனா அவரு மேல இருக்கற மரியாதை வேற, இந்தக் கேள்வி வேற. ரெண்டையும் சேத்து வெச்சுக்கறேன்.

வடமராட்சியான்:

அண்ணை சொல்லுறதோட நானும் நிக்கிறன். ஆனா உள்ளுக்கு இருந்து வந்த மனிசன் திரும்ப மேடைக்கு வந்து புரோக்கரா நிண்டவர் எண்டதுதான் எனக்குப் பெரிசாப் படுது. பேர் வந்த பிறகும் சின்ன வேஷத்தை விடேல்லை. மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானா நடிச்சவர் எண்டும் எங்கயோ பாத்தன், அது உண்மையோ?

திரைவாசி:

உண்மைதான் அண்ணா. 1982ல வந்த மார்க்கோ போலோ டிவி தொடர், இத்தாலிக்காரர் மொன்டால்டோ எடுத்தது, அதுல குப்ளாய் கான். சினிமா கணக்கு மொத்தமா பாத்தா, டாக்டர் பெத்யூன் படத்துல மொழிபெயர்ப்பாளர் வேஷம், 1981ல ஜீ யின்ங்கற படத்துல மன்னராட்சிக்குப் பெறகு அதிபரான தளபதி யுவான் ஷிகாய், அப்புறம் குப்ளாய், லாஸ்ட் எம்பெரர், 1993ல பெர்த்தலூச்சியோட லிட்டில் புத்தா. அதுல லாமா நோர்பு, செத்துப்போன தன் குருவோட மறுபொறப்ப தேடி சியாட்டில் வரைக்கும் போற வயசான பிக்கு. கியானு ரீவ்ஸ் சித்தார்த்தரா வர்றதப் பத்தியே எல்லாரும் பேசறாங்க, படத்தத் தாங்கறது இந்தக் கெழவரு. 1998ல ராமன் மக்சேசே விருதும் கெடச்சுச்சு, நம்ம எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு 1974ல கெடச்ச அதே விருது.

எழுத்தாணி:

மனைவி வூ ஷிலியாங்க பத்தியும் ரெண்டு வரி எழுதணும்னு எனக்கு ஆச. அவங்களும் படிச்சவங்க, மொழிபெயர்ப்பு செஞ்சவங்க, ஒண்ணாவே ஜெயிலுக்குப் போனவங்க, 1987ல எறந்துட்டாங்க. லாஸ்ட் எம்பெரர் உலகம் பூரா ஓடி ஆஸ்கார் வாங்குறப்ப அவங்க இல்ல. இவர மாதிரி ஆளுங்கள பத்தி எழுதறப்ப வீட்டுல கூட நின்னவங்க பேரு எப்பவும் அடிக்குறிப்பாயிடுது, அதனாலதான் இங்க தனியா எழுதறேன்.

மேடைப்புறா:

ரொம்ப சரியா சொன்னீங்க எழுத்தாணி.

கடைசியா என் பக்கத்து சாட்சி ஒண்ணு வெச்சுட்டுப் போறேன். 1992 ஜூலை 16, பெய்ஜிங் தலைநகர் அரங்கம். தேநீர் விடுதியோட 374வது காட்சி, பழைய நடிகருங்க சேந்து போட்ட கடைசி காட்சி. யூ ஷிஜிக்கு அப்பவே ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருந்துச்சு, நடுவுல வசனம் மறந்து போயிருக்கு, கூட நின்ன நடிகருங்க தாங்கிப் புடிச்சு எடுத்துட்டுப் போனாங்க, ஜனங்க ஒருத்தரும் எழுந்து போகல, கைதட்டி அனுப்பி வெச்சாங்க. அந்த மேடையில யிங்கும் இருந்தாரு. 63 வயசு, ஹாலிவுட் பாத்தாச்சு, மில்லர் பாத்தாச்சு, அமைச்சரா இருந்தாச்சு, இருந்தும் அன்னிக்கு ராத்திரி அவரு அதே பத்து தேல் வெள்ளி புரோக்கர்தான். திரைவாசி சார், நட்சத்திரமா நடிச்ச படத்துல அவர தேடாதீங்க, குழுவுல ஒருத்தரா நின்ன எடத்துல தேடுங்க. என் வாதம் அவ்வளவுதான்.

திரைவாசி:

மேடம், ஜெயில் அதிகாரிய நான் இன்னும் விட்டுக்குடுக்கல. ஆனா நீங்க சொல்றத பாத்த பெறகு பேசறதுதான் நியாயம். 1982ல தேநீர் விடுதி படமா வந்திருக்காமே, ஷியே தியன் டைரக்‌ஷன், அதே குழு நடிகருங்கதான்னு படிச்சேன். யிங் அதுல இருக்காரா?

மேடைப்புறா:

இருக்காரு சார், அப்பன் லியூ, மகன் லியூ ரெண்டுமே. மொதல்ல அதப் பாருங்க, பாத்துட்டு லாஸ்ட் எம்பெரர மறுபடி போடுங்க. மொதல் அங்கத்துல கூட்டமா இருக்கும், யாரு யாருன்னு புரியாது, நிறுத்திடாதீங்க, காங் லியூ உள்ள வர்ற எடத்துலேந்து எல்லாம் புடிபட ஆரம்பிக்கும். மூணாவது அங்கத்துல குட்டி லியூ வந்ததும் அவன் நடைய அப்பன் நடையோட ஒப்பிட்டுப் பாருங்க. பாத்துட்டு வந்து இங்கயே எழுதுங்க, சண்டைய அப்ப தொடருவோம்.